மன்றத்தை இடிக்காதீர்கள் என்று நான் பேசிய கூட்டம்

முதியோர் மன்றத்தை இடித்தால் என் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நான் மனதார நம்பினேன். இன்று சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்று வியர்வைதான் வந்தது.

காரணம் என் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு காரைக்குடியில் எங்களோடுதான் இருந்தார். காலைப் பலகாரம் முடிந்ததும் மன்றத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மன்றம் பூட்டியிருக்கும். அன்றைக்கு என் மின்சாமான், இரும்புச்சாமான் கடையில் வந்து உட்காருவார். ஒருமுறை, நாச்சியாபுரத்திலிருந்து மகளின் கல்யாணச் சீருக்கு கிரைண்டர் வாங்க ஒரு குடும்பமே வேன் வைத்து வந்திருந்தது. நான் விலை சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "இதேதான் எங்க வீட்லயும் கிடக்கு. மாவ விட சத்தந்தான் நிறைய வரும். அங்குட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்க." வேன் அங்குட்டுப் போய்விட்டது. வாரத்தில் ஒரு நாளைக்கே இந்தக் கதி.

மன்றத்தின் கூரையில் காரை பெயர்ந்து விழுவது புதிதில்லை. கேரம் பலகையில் விழுந்த துண்டையும் ஒரு காயாக வைத்து ஆடிய மனிதர்கள் அவர்கள். அதனால் அதை இடித்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு விளையாட்டுக்கூடம் கட்டப்போகிறார்கள், காலையில் பெரியவர்கள், பகலில் பெண்களின் தையல் வகுப்பு, சாயங்காலம் பிள்ளைகளின் இறகுப்பந்து என்று கேள்விப்பட்டதும் நான் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் மதியத்துக்கு மேல் மாமா எங்கே போவார்? என் கடை நாற்காலிக்குத்தான்.

கருத்துக் கேட்கும் கூட்டம் அந்த மன்றத்திலேயே நடந்தது. வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். "எங்கப்பா கடைக்கு வந்துருவாருன்னு பயந்துதானே போறீக?" என்று கேட்டாள் மனைவி. முதியோரின் உரிமைக்காக என்றேன். அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

கூட்டத்தில் பொளந்து கட்டினேன். கவுன்சிலர் அம்மாவும் கட்டட என்ஜினியரும் குறிப்பெடுத்தார்கள். கடைசியில் கையை நீட்டி எதிர்ச் சுவரைக் காட்டினேன். காலமான உறுப்பினர்களின் படங்கள் மாலையோடு வரிசையாகத் தொங்கும் சுவர். இந்தச் சுவரின் மேல் கடப்பாரை வைக்க மனசு வருமா என்று தழுதழுத்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. நடிப்பு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

பின் வரிசையில் மாமா எழுந்தார். எனக்கு ஆதரவாகத்தான் பேசப்போகிறார் என்று இடம் விட்டு ஒதுங்கி நின்றேன்.

"மாப்பிள்ளை நல்லாத்தான் பேசுனீக. படத்தக் காட்டுனீகளே, கடைசிப் படத்துக்கு இங்குட்டு என்ன இருக்குன்னு பாத்தீகளா?"

பார்த்தேன். கடைசிப் படத்தை அடுத்து வெறும் ஆணிகள். ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில், சுவரின் மூலை வரை.

"ஒவ்வொரு தடவையும் சுவத்தக் கொத்துனா காரை விழுதுன்னு நம்ம செயலாளர் மொத்தமா அடிச்சு வச்சிட்டாரு. அவரு ஓவர்சியரா இருந்தவரு, வேலை சுத்தம். காலையில வந்து உக்காந்தா எங்களுக்கு எதிர்க்க அந்த ஆணிதான். மொத ஆணி யாருக்குன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம்."

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லதுக்குத்தான்யா செஞ்சேன்" என்றார்.

"தெரியும்யா, ஒன்னயக் கொற சொல்லல. எனக்கு அடுத்தது நீதானே," என்றார் மாமா. பெரியவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆணிகள் என் கடையில் வாங்கியவை. மொத்தமாக வாங்குகிறாரே என்று செயலாளருக்கு நானே தள்ளுபடி கொடுத்திருந்தேன். எதற்கு என்று கேட்கவும் இல்லை. தினமும் மன்றத்துக்குப் போகும் மனிதர் அங்கே என்ன பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர் என் கடையில் இல்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

மாமா கவுன்சிலர் அம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "இடிச்சிருங்கம்மா. எங்களுக்குன்னு தனி ரூம்பு எதுவும் கட்டிறாதீக. பிள்ளைக கத்துற எடத்துல ஒரு பெஞ்சு போடுங்க, போதும்."

அப்படித்தான் கட்டினார்கள். காலையில் பெரியவர்களின் நேரம் முடிந்த பிறகும் மாமா எழுந்து வருவதில்லை. தையல் வகுப்புப் பெண்கள் அவருக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவருகிறார்கள். சாயங்காலம் இறகுப்பந்தில் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்வது அவர்தான். பாதித் தீர்ப்பு தப்பு என்று பிள்ளைகள் அவரோடு சண்டை பிடிக்கிறார்கள். அவரும் விடுவதில்லை. கூடம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது. புதுக் கட்டடம் வந்த பிறகு மாமா என் கடைக்கு வரவே இல்லை.