வெண்கண்டல் இலையில் உப்பு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் என் கண்ணெதிரே நடந்தது இது.

என் மனைவி விஜயாவின் தம்பி செந்தில், டெல்லியிலேயே முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி அலையாத்தி மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். பிச்சாவரத்திலிருந்து ஒரு வெண்கண்டல் விதையைக் கொண்டுவந்து எங்கள் பால்கனியில் பிளாஸ்டிக் பக்கெட்டில் நட்டான். கடலும் ஆறும் கலக்கிற சேற்றில் வளர்கிற மரம், உறிஞ்சிய உப்பை இலை வழியாகக் கக்கிவிடுமாம். “இங்க கொழாத்தண்ணிதான மாமா, உப்பு பூக்காது” என்றான்.

அடுத்த மழைக்காலத்தில் பிச்சாவரம் போனவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்ததில் மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள், இவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. மாதங்கள் ஓடின. காரியம் செய்துவிடலாம் என்றார் மாமனார். விஜயா போனில் கத்தினாள்.

“உயிரோட இருக்கறவனுக்கு எள்ளும் தண்ணியும் எறைப்பீங்களாப்பா?”

சோறு, தூக்கம் எல்லாம் போய்த் துரும்பாக இளைத்துவிட்டாள். இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லூ காற்று அனலாக வீசுகிறது. பால்கனியில் காய்ந்த துணியை எடுக்கப் போன விஜயா என்னைக் கூப்பிட்டாள். செடியின் இலையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தூசியாக இருக்கும் என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்தால், நம்பினால் நம்புங்கள், சுத்தமான கடல் உப்பு. அவளும் தொட்டு வைத்தாள். சட்டென்று தெருப்பக்கம் திரும்பினாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அவளே ஊருக்குப் போன் போட்டாள். “அப்பா, தம்பிக்குக் காரியத்த பண்ணிடுங்க.” அழவில்லை.

மறுநாள் இலைகள் சுத்தமாக இருந்தன. அப்புறம் ஒருநாளும் உப்புப் பூக்கவில்லை, குளிர்காலத்தில் செடியும் கருகிவிட்டது. அதைத் தூக்கிப் போடும்போதுதான் கேட்டேன், அன்றைக்கு எப்படி மனசு மாறினாய் என்று.

“அக்கான்னு ரெண்டு தடவ கூப்பிட்டான், வாய் நெறையத் தண்ணியோட. நீங்க பக்கத்துலதான நின்னீங்க, கேக்கலையா?”

கேட்டது. கீழே எவனோ பான் குதப்பிக்கொண்டு கத்துகிற காய்காரன் என்று நினைத்திருந்தேன். கிட்வாய் நகரில் எந்தக் காய்காரன் அக்கா என்று கூப்பிடுவான், நீங்களே சொல்லுங்கள்.