மூன்று சிலிண்டரும் டீசல்காரரும்

அவரை எல்லோரும் டீசல்காரர் என்றுதான் சொன்னார்கள். வெளியாட்கள் முகத்துக்கு நேராக, வீட்டார் முதுகுக்குப் பின்னால். முப்பது வருடமாக டீசல் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் என்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்த சிலிண்டர் முனகுகிறது, எந்த வால்வு நச்சரிக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். சொன்னது தப்பியதில்லை. தப்பாத மனிதருக்கு உறவாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்பது அவருடைய தங்கைக்குத் தெரியும்.

குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் அவர் சொல்தான் சட்டம். "டீசல் வாங்கு. மத்ததெல்லாம் பொம்மை" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. நாலு வருடத்துக்கு முன் தங்கையும் அப்படித்தான் ஒரு டீசல் கார் வாங்கினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். என்ஜின் சூடேறும் முன்பே போய்ச் சேர்ந்து, வண்டியை அணைத்துவிடுவாள். அந்தக் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நன்றாகச் சூடானால்தான் பிடித்த கரி எரியும். அவள் ஓட்டத்தில் அது எரியவே இல்லை, சேர்ந்தது. மாதம் ஒருமுறை முன்பலகையில் மஞ்சள் விளக்கு முழிக்கும். அண்ணன் வந்து, வண்டியை நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் விரட்டிவிட்டு, வெற்றி வீரனைப்போல் கொண்டுவந்து நிறுத்துவார்.

"வாரத்துக்கு ஒரு தடவை பெரிய ரோட்டுல ஓட்டு. அதுவும் மூச்சு விட வேண்டாமா?"

"நான் வேலைக்குப் போக வண்டி வாங்கினேன். இப்ப வண்டிக்கு நான் வேலை பாக்கறேன்."

அதை அவர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். போன வருடம், தங்கை மகளின் நுழைவுத் தேர்வு அன்று காலையில், அந்த வண்டி நாற்சந்தி நடுவில் இழுவை இழந்து, நடைவேகத்துக்கு மேல் போக மறுத்துவிட்டது. வாடகை வண்டி பிடித்துப் போவதற்குள் தேர்வுக்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு வருடம் போயிற்று. அதற்குப் பிறகு தங்கை அண்ணனிடம் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டீசலை விற்றாள். சின்ன டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கினாள்.

சேதியை இருவருக்கும் இளைய தம்பி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தங்கையின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் புதுக் காரின் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"எத்தனை சிலிண்டர்?"

"மூணு, மச்சான்."

"நாலாவது எங்கே? தவணையில வருமா?"

தம்பி சிரித்துவிட்டான். அக்கா பார்த்த பார்வையில் பாதிச் சிரிப்பை விழுங்கினான்.

"என்ஜின் ஒரு லிட்டராமே. நான் காலையில குடிக்கிற தண்ணி அதைவிட ஜாஸ்தி."

"டர்போ இருக்கு, மச்சான். அதனால..."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. ஒல்லியா இருக்கிறவனுக்குப் பெரிய சட்டை மாட்டிவிட்டா பயில்வான் ஆயிடுவானா?"

"நீ வாங்க வச்ச பயில்வான் நாற்சந்தியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தானே, அதைச் சொல்லு" என்றாள் தங்கை.

"அது நீ ஓட்டின லட்சணம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தார்.

தம்பிதான் குறுக்கே புகுந்தான். "சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. என் வீட்டுக்காரிக்கு இது எட்டாவது மாசம். ஆஸ்பத்திரிக்கு அலைய நான் அடுத்த வாரமே கார் எடுத்தாகணும். எதை எடுக்கறது, அண்ணா?"

டீசல் என்று அண்ணன் சொன்னால் அவன் டீசல் எடுப்பான். தங்கைக்கு அது தெரியும். நாற்சந்தியில் நின்ற வண்டிக்குள் தன் மகளுக்குப் பதில் தம்பி மனைவி உட்கார்ந்திருப்பதுபோல் அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"அவன்கிட்ட மறுபடி டீசல்னு சொல்லாதே" என்றாள்.

"சாவியைக் கொடு. தண்ணித் தொட்டி மேட்டுல நாலு பேரோட ஏத்திக் காட்டறேன். இது முக்கறதை அவனே பாக்கட்டும்."

அவள் சாவியைக் கையில் கொடுக்கவில்லை, பானெட்மேல் வைத்தாள். "கியரைப் பார்த்துப் போடு. வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கு."

"எனக்குக் கியர் சொல்லித்தர ஒரு புத்தகமா!"

தம்பி முன்னால் உட்கார்ந்தான். தங்கையும் மாப்பிள்ளையும் பின்னால். மேடு தொடங்கும் இடத்திலேயே டீசல்காரர் நாலாவது கியருக்குப் போய்விட்டார். பழைய டீசல் வண்டிகளில் அவருடைய காலுக்குப் படிந்த பழக்கம் அது: வேகம் குறைந்தாலும் கியரைக் குறைக்காமல், மிதித்தே இழுப்பது. இந்தச் சின்ன என்ஜின் அதற்குப் பிறந்ததில்லை. பாதி மேட்டில் ஸ்டியரிங் நடுங்கியது.

"மூணாவது போடு" என்றாள் தங்கை.

"நாலுல ஏறணும். ஏறலைன்னா அது என்ன வண்டி?"

மிதியைத் தரையோடு அழுத்தினார். அடுத்த நொடி, உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் இரும்பில் அடித்ததுபோல் 'டங்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, என்ன அண்ணா அது? என்ஜின் போயிடுச்சா?" என்றான் தம்பி.

டீசல்காரர் காலை மிதியிலிருந்து எடுத்தார். வண்டிக்குள் இருந்த நாலு பேரில் அவருக்கு மட்டும்தான் அது என்ன சத்தம் என்று தெரியும். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டர்போ காற்றைத் திணிக்க, மேலே இவர் காலும் திணிக்க, பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை அறைந்த சத்தம். இன்னும் இரண்டு தடவை இப்படி விட்டால் பிஸ்டன் உடைந்தாலும் உடையும். தப்பு என்ஜினில் இல்லை, காலில். சட்டென்று மூன்றாவதுக்கு இறக்கினார். நாலு பேரைச் சுமந்துகொண்டு, அந்த ஒரு லிட்டர் என்ஜின் சரசரவென்று உச்சிக்கு ஏறிவிட்டது.

தண்ணீர்த் தொட்டி அருகே நிறுத்தி இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

"சொல்லு. 'பாத்தியா, பொம்மை'ன்னு சொல்லு. அதுக்குத்தானே வந்தே?" என்றாள் தங்கை.

தம்பி அவர் வாயையே பார்த்தான். மட்டமான என்ஜின் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுத்துப் பேச அங்கே யாருக்கும் காது கிடையாது. அவர் உறவுகளை எடுத்தெறிந்து பேசியிருக்கிறார், வாடிக்கையாளர்களைத் திட்டி விரட்டியிருக்கிறார். ஆனால் ஒரு என்ஜின் போட்ட சத்தத்தைப் பற்றி இதுவரை பொய் சொன்னதில்லை.

"வண்டியில கோளாறு இல்ல. நான் போட்ட கியர் தப்பு" என்று, வாயில் கல் அகப்பட்டவர்போல் துப்பினார்.

"நீ ஓட்டின லட்சணம்."

அவர் அவள் பக்கம் திரும்பாமல் தம்பியிடம் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவே?"

"போக வர அஞ்சு, ஆறு கிலோமீட்டர் இருக்கும்."

"வெளியூர்?"

"எப்பவாவது."

"அப்ப பெட்ரோலே எடு."

"இந்த ரெண்டு கேள்வியை நாலு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட கேட்டியா?" என்றாள் தங்கை. அவள் குரல் உயரவில்லை; அதுதான் மோசமாக இருந்தது. "கேட்டிருந்தா என் பொண்ணு இப்ப காலேஜ்ல இருப்பா."

அவர் சாவியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். தம்பியும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். பின்னால் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. யாரும் ஏறு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் ஏறியிருக்க மாட்டார். மேட்டை விட்டு நடந்தே இறங்கத் தொடங்கினார்.

வளைவில் கார் அவரைக் கடந்தது. பின் ஜன்னலில் மாப்பிள்ளை கையை வெளியே நீட்டி, "மச்சான்..." என்று ஏதோ சொல்ல வந்தார். தங்கை ஜன்னலை ஏற்றும் பொத்தானை அழுத்தினாள். மாப்பிள்ளை அவசரமாகக் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.