ஆறு கிளாம்புகளும் தங்கை வீட்டு வாசல் கதவும்

24.8.1997 என்று தேதியிட்ட இன்லண்ட் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதியவன் மிஷன் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். திருக்காட்டுப்பள்ளியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தான். நான் அப்போது திருவாரூரில் தபால் ஊழியன். "கதவு வேலை நிறைய வருது. இனிமே கயித்தையும் ஆப்பையும் வச்சு சமாளிக்க முடியாது. ஒட்டுன பலகைய இறுக்கிப் புடிக்க கிளாம்ப் வாங்கணும். எந்த மாதிரி, எத்தனைன்னு நீதான் படிச்சுப் பாத்து சொல்லணும். வளைஞ்ச பலகையும் நேரா வந்து நிக்கிற மாதிரி கெட்டியா இருக்கணும்" என்று எழுதியிருந்தான்.

கடைசி வரியைப் படித்தேன். அதில் தவறாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மஸ்கட், சிங்கப்பூர் பணத்தில் எங்கள் பக்கம் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அறுவை மில்களில் மலேசிய மரம் தாராளமாகக் கிடைத்தது. எல்லாருக்கும் அகலமான வாசல் கதவு வேண்டும். என் புத்தக அலமாரிகளை நானே செய்துகொள்வேன். மரவேலைப் புத்தகம் எது கிடைத்தாலும் குறிப்பெடுப்பேன். விடுமுறையில் ஊருக்குப் போனால் பாதி நாள் அவன் பட்டறையில்தான். தபால் முத்திரை குத்துகிற கைக்கு இழைப்புளி எதற்கு என்று கேலி செய்வான். அப்படிப்பட்டவன் என்னிடம் யோசனை கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர் கீழவாசலுக்குப் போய் மூன்று இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். தட்டைப் பட்டையில் செய்த கிளாம்ப் விலை மலிவு. ஆனால் இறுக்கும்போது பட்டையே வளைந்துவிடும். தண்டவாளம் போல நடுவில் முதுகெலும்பு வைத்த பட்டை வளையாது. திருகின் புரி தடிமனாக, சதுரமாக இருக்க வேண்டும். பலகையைக் கவ்வும் இரண்டு தாடைகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு போஸ்ட் கார்டை நடுவில் வைத்து மூடிப் பார்த்தேன். கடைக்காரர் என் கார்டைப் பார்த்துவிட்டு, "கதவு செய்யப் போறீங்களா, கடுதாசி போடப் போறீங்களா?" என்றார். ஏழடிக் கதவுக்கு நான்கடி நீளத்தில் ஆறு கிளாம்ப் போதும். பலகைக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இவ்வளவையும் நான்கு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். அதில் அடிக்கோடிட்ட வரி ஒன்று உண்டு: கையால் அழுத்தி மூடாத பொருத்தைக் கிளாம்பால் மூடாதே, மறுபடி இழை.

அதே சமயத்தில் என் தங்கை திருக்காட்டுப்பள்ளியில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் மஸ்கட்டில். கதவைத் திருச்சியில் ரெடிமேடாக வாங்கிவிடும்படி அவர் எழுதியிருந்தார். நான்தான் தடுத்தேன். என் நண்பன் செய்யட்டும், நான் பொறுப்பு என்றேன். பதினோரு வருடம் வெளிநாட்டில் உழைத்த மனுஷன் முதல் தடவை சொந்த வீட்டுக்குள் நுழையப் போகிறார், அது கோணலாகிவிடக் கூடாது என்று தங்கை சொன்னாள். ஆகாது என்றேன்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனவன் பட்டறையை எட்டிப் பார்த்தேன். தங்கை வீட்டுக் கதவு கிளாம்புகளில் இருந்தது. மேலே மூன்று, கீழே மூன்று. நான் எழுதியபடியே. நண்பன் பெருமையாக, "எப்படிப் புடிக்குது பாரு" என்றான். திருகுகளைத் தடவினேன். பட்டைகளின் மேல் கண்ணை ஓட்டி வளைவு இல்லை என்று உறுதிசெய்தேன். அன்றைய நாட்குறிப்பில் கிளாம்புகளைப் பற்றிப் பன்னிரண்டு வரி இருக்கிறது. அவற்றுக்கு இடையில் இருந்த மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கார்த்திகை மழையில் கதவு மாட்டினார்கள். காற்றில் ஈரம் இருந்தவரை அது ஒழுங்காகச் சாத்தியது. பங்குனியில், அறுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தபோது, பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. மேல் மூலை நிலையை விட்டு ஓர் அங்குலம் வெளியே வந்தது. சித்திரையில் மச்சான் வந்தபோது தங்கை கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். வேறொரு தச்சரைக் கூட்டிவந்து காட்டினோம். மரம் காயவே இல்லை, வளைந்த பலகைகளை இழுத்து வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்றார்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். நண்பன் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவசரப்படுத்தினால் மரத்தை எப்போது காயவைப்பது என்று கேட்டான். இந்தக் கிளாம்ப் வந்த பிறகு எந்தப் பலகையையும் தள்ளிவைக்க வேண்டியிருக்கவில்லை என்று சாதாரணமாகச் சொன்னான். நான் அடிக்கோடிட்ட வரி என்னாயிற்று என்று கேட்டேன்.

"எழுதுனே. எழுதிட்டு, நேர்ல வந்து தடவிப் பாத்துட்டும் போனியேப்பா. அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?"

என் தங்கைக்கு என்று தெரிந்தே செய்தாயா என்று கேட்க நினைத்துப் போனேன். கேட்காமல் திரும்பினேன்.

தங்கை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணே, கதவு செய்யிறப்ப நீ மரத்தப் பாத்தியா, இல்லியா?"

"கிளாம்பத்தான் பாத்தேன்."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

திருச்சிக் கதவு வந்தது. மச்சான் லீவு முடிந்து போனார். அதன் பிறகு அவர் எழுதிய கடிதங்களில் என்னை விசாரித்த வரி இல்லை. ஆனியில் நண்பன் பட்டறையை வேறொருவரிடம் விட்டுவிட்டு மலேசியா போய்விட்டான், முகவரி கிடைக்கவில்லை.

அவன் புறப்படும் முன் தங்கையைச் சந்தித்து, மில்லில் அந்த மரத்தைப் பொறுக்கியதே உன் அண்ணன்தான் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. தங்கை அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் அந்த மில்லுக்குள் கால் வைத்ததே கிடையாது. அவன் உண்மையிலேயே அப்படிச் சொன்னானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.