கரும்பாலையில் ஒரு மிக்ஸி

மின் இணைப்பை விவசாய வகையிலிருந்து வணிக வகைக்கு மாற்றுவதற்கு முன், நுகர்வோருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல அவகாசமும் தர வேண்டும். மின் அலுவலகத்தில் இருந்தவரை இந்த விதியைப் பிறருக்கு ஓதியே ஓய்வு பெற்றவன் நான். புத்தூர் பக்கம் கரும்பாலை வைத்திருக்கும் என் அக்காவுக்கு வந்தது நோட்டீஸ் அல்ல, வணிகக் கட்டணத்தில் ஒரு பில்.

ஆய்வுக்கு வந்தவர், ஆலைக் கொட்டகையில் மிக்ஸி ஓடுவதைப் பார்த்து ‘உணவகம்’ என்று எழுதிவிட்டார். வெல்லம் காய்ச்சும் ஆட்களுக்கு அக்கா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் நாலு இட்லி வைத்தாள், தின்றுவிட்டுத்தான் எழுதினார்.

வயலில் கரும்பு முற்றி நின்றது. இந்தக் கட்டணத்தில் ஆலையை ஓட்டினால் கட்டுபடியாகாது. ஓட்டாவிட்டால் கரும்பு பாழ். நான் மனு எழுதினேன். ஆறு பிரதிகள், உறுதிமொழிப் பத்திரம், பக்கத்துக்குப் பக்கம் விதி எண்கள்.

“இன்னாடா, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற? அங்க கரும்பு காயுது, நீ முத்திரை குத்திக்கினு கீற.”

“முறைப்படி போனாத்தான்கா நிக்கும்.”

“அத்த கரும்பாண்ட சொல்லுடா.”

திருப்பதியில் மின்கட்டணம் பற்றி ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணை நடந்தது, பேசுவதற்கு என் பெயரைப் பதிந்திருந்தேன். தனிப்பட்ட புகாரை அங்கே பேசக் கூடாது என்று பஸ்ஸிலேயே அவளுக்கு விளக்கினேன். சமர்த்தாகத் தலையாட்டினாள். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் மைக்கைப் பிடித்தவள் அவள்தான்.

“ஆளுங்க துன்றதுக்கு சட்னி அரைச்சேன் சார். அதுக்கு ஓட்டல்னு எழுதிக்கினு பூட்டாரு. உங்க ஊட்லயும் மிக்ஸி ஓடுதே, அது ஓட்டலா?”

அரங்கமே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு, மின் நிறுவன அதிகாரிகள் பக்கம் திரும்பி, “சூடண்டி” என்றார் தெலுங்கில். பாருங்கள் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு எந்த விதியிலும் இடமில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே நானும் கைதட்டினேன்.

அந்த வாரமே ஆள் வந்து பார்த்து, விவசாய வகைக்கே மாற்றிவிட்டுப் போனார். தை முழுக்க அக்கா வெல்லம் காய்ச்சினாள். “மனு எழுதி எழுதிக் கை நோவுது பாவம்” என்று சொல்லி எனக்கு ஒரு கூடை அனுப்பினாள்.

என் மனுவுக்கும் பதில் வந்தது. ஆறு பிரதிகளிலும் நானே கையெழுத்துப் போட்டிருந்தேனாம். நுகர்வோரின் கையெழுத்து ஒன்றில்கூட இல்லையாம். திருத்தி அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்புக் கரும்பு தோளுயரம் வளர்ந்து நின்ற ஆடி மாதம் அது, முதல் வெள்ளிக்கிழமை.