ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு போல்ட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குடவாசலுக்கு அருகே ஓர் ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் என் குடும்பம் முழுவதும் ஒரு பழைய காருக்குள் மாட்டிக்கொண்டது. காரைத் தேர்ந்தெடுத்தவள் நான். அது நின்றதற்குக் காரணமும் நான்தான். காருக்குள் இருந்த ஐந்து பேரில், இரண்டாவது விஷயம் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

என் தங்கைக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. கும்பகோணத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ்; அதுவும் வந்தால் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தாய்மாமா, பிளஸ் டூ முடித்தால் கார் வாங்கித் தருவதாக எப்போதோ அவளிடம் வாய்விட்டிருந்தார். அவள் அதை மறக்கவே இல்லை. அதோடு விட்டாளா? புதுக் கார் வேண்டாம், பழைய காலத்துக் கார்தான் வேண்டும் என்றாள். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை அழைப்புக்கு மாலை போட்டு வந்த காரைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம். "புதுசெல்லாம் சோப்பு டப்பா மாதிரி இருக்குக்கா" என்பது அவள் வாதம்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டுத் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைக் கூப்பிடலாம் என்பது. ஆகவே கார் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டியல் போடாமல் நான் எதையும் செய்கிறவள் இல்லை. இன்ஜின் சக்தி, எடை, பிரேக், ஸ்டியரிங்கின் கனம், உதிரிபாகம் கிடைக்குமா, காகிதங்கள் சரியா என்று பதினாறு கேள்விகள் எழுதிக்கொண்டேன். 'சக்தி அதிகமானால் புதிதாக ஓட்டுகிறவளுக்கு ஆபத்து, ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் சனிக்கிழமைகள் எல்லாம் இதிலேயே போயின. திருத்துறைப்பூண்டியில் ஒருவர் போட்டோ அனுப்பிய காரை நேரில் போய்ப் பார்த்தால் உள்ளே இன்ஜினே இல்லை. "அது தனியா இருக்குங்க" என்றார், ஏதோ சாம்பாரைத் தனியாக ஊற்றிக் கொடுப்பதைப்போல. மாமாவோ வீடியோ காலில் ஜீப்பைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை.

"பெரிய டீசல் இன்ஜின் போட்ட ஜீப்பு. மலையெல்லாம் ஏறும்!"

"மாமா, நம்ம ஊர்ல மலை எங்க இருக்கு?"

"ஏறும்னு சொல்றேன்ல!"

அம்மாவுக்குப் பிடித்ததோ, அந்தக் காலத்தில் அதிகாரிகள் வந்து இறங்குவார்களே, அந்த உருண்டையான வெள்ளைக் கார். தகடு கனமாக இருக்கிறதாம். ஸ்டியரிங்கும் அதே கனம். அதைத் திருப்ப என் தங்கை கிட்டத்தட்டத் தொங்க வேண்டியிருந்தது. அப்பா எந்தக் காரைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது எவ்வளவு வேகம் போவும்?"

நான் சொல்வேன்.

"அதுக்கும் கம்மியா ஒண்ணும் இல்லையா?"

கடைசியில் தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருந்த சின்னப் பெட்டிக் கார் அமைந்தது. ஒரு காலத்தில் பெரிய நகரங்களில் டாக்ஸியாக ஓடிய வகை. இளநீல நிறம், அளவான இன்ஜின், கைக்கு அடங்குகிற ஸ்டியரிங். என் பதினாறு கேள்விகளில் பதினான்குக்கு அது தேறியது.

கார் வீட்டுக்கு வந்த அன்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேகத்தக் கொறைக்க ஏதாச்சும் வழி இல்லையாம்மா? நீதான் படிச்சிருக்கியே. ஒரு தடவை ஏதாச்சும் ஆச்சுன்னா சாவி பீரோவுக்குள்ள போயிரும். அப்பறம் அவளுக்கு பஸ்ஸுதான், சொல்லிட்டேன்" என்றார். முந்தின வருடம் பக்கத்துத் தெருவில் ஒருத்தன் பைக்கிலிருந்து விழுந்தபோது, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் அப்பாவும் ஒருவர். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. எனக்கோ இந்தக் காரைப் பற்றி இன்னொரு வார்த்தை பேச உடம்பில் தெம்பில்லை.

ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில், தரைத் தகட்டில் ஒரு சின்ன இரும்புப் பட்டையைப் பொருத்தி, அதில் ஒரு போல்ட்டை நிமிர்த்தி முடுக்கிவைத்தேன். பெடல் பாதி தூரம் இறங்கி போல்ட்டில் முட்டி நின்றுவிடும். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். முள் ஐம்பதைத் தாண்டவில்லை. மூன்று மாதத்தில் அன்றுதான் அவர் சிரித்தார். "அவகிட்ட சொல்லிக்க வேணாம். தெரிஞ்சா கழட்டிப்புடுவா" என்றார். நானும் சரி என்றேன்.

தங்கை லைசென்ஸ் ஏற்கெனவே வாங்கியிருந்தாள். பத்து நாள் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகினாள். ஒருநாள் கேட்டாள்: "அக்கா, வண்டி கொஞ்சம் சோம்பேறியா இருக்குல்ல?"

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

மாமா விடுமுறைக்கு வந்ததும், நல்ல நாள் பார்த்து, சுவாமிமலையில் காருக்குப் பூஜை போடக் கிளம்பினோம். தங்கை ஸ்டியரிங்கில், அப்பா பக்கத்தில், பின்னால் அம்மா, நான், மாமா. எங்கள் வீட்டில் கார் என்றால் ஐந்து பேர். ஒருவர் தனியாகப் போகிற பழக்கமே கிடையாது. கும்பகோணத்தில் சித்தி வீட்டுக்கு என்று டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி, அதன்மேல் தேங்காய்கள், ஒரு வாழைத்தார். அம்மா மடியில் பூஜைக் கூடை, அதில் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க நான்கு எலுமிச்சம்பழம். என் பட்டியலில் எடை என்ற தலைப்பின் கீழ் காரின் எடை மட்டும்தான் இருந்தது.

டெல்டாவில் மேடே கிடையாது என்று எல்லோரும் சொல்வோம். நானும் 'தரை: சமதளம்' என்றே எழுதியிருந்தேன். ஆனால் ஆறு என்று ஒன்று இருந்தால் கரை இருக்கும். கரை இருந்தால் பாலத்துக்கு ஏற வேண்டும். அந்த இடத்தில் சாலை கரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டே வந்து, சட்டென்று திரும்பி, ஆற்றை ஒட்டியே பாலத்துக்கு ஏறும். வேகம் பிடித்து ஏற வழியில்லை. தங்கை திரும்பிப் பாதி மேடு ஏறியபோது எதிரே பாலத்திலிருந்து ஒரு பஸ் இறங்கியது. ஒதுங்கி நிறுத்தினாள். முறையாகத்தான் நிறுத்தினாள். பஸ் போனது. மறுபடி கிளப்பினால் வண்டி உறுமி, குலுங்கி, அணைந்தது.

இடப்பக்கம் சரிவு. அதற்குக் கீழே மேட்டூர்த் தண்ணீர் வந்து கரை தொட்டு ஓடும் ஆறு. தடுப்புச் சுவர் கிடையாது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஐந்து பேர், இரண்டு மூட்டை கனத்துக்கு அது தாங்கவில்லை. பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்றுவதற்குள் கார் ஒரு முழம் பின்னால் போனது.

"அழுத்தும்மா, அழுத்து!" என்று கத்தினார் அப்பா.

"முழுசா அழுத்திட்டுத்தாம்ப்பா இருக்கேன்! இதுக்கு மேல எறங்கல!"

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"நான் அப்பவே சொன்னேன், ஜீப்புன்னு. யாரு கேட்டீங்க?" என்றார் மாமா.

"எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுக் கெளம்பிருக்கணும்" என்றாள் அம்மா.

இப்படி ஒரு குடும்பத்தோடு மேட்டில் நிற்பதைவிட ஆற்றில் குதிப்பது சுலபம் என்று ஒரு கணம் தோன்றியது. நாங்கள் குதிக்காமலே அது நடந்திருக்கும். மூன்றாவது முறை தங்கை முயன்றபோது கார் நிற்காமல் பின்னால் உருள ஆரம்பித்தது, பின்பக்கம் சரிவை நோக்கித் திரும்பியபடி. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. பின்னால் யாரோ கூச்சல் போட்டார்கள். 'தொம்' என்று ஒரு சத்தம். கார் குலுங்கி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு மொபெட் சாலையில் சாய்ந்து கிடந்தது. சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்ட ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், மூச்சு வாங்க நின்றிருந்தார். மொபெட்டில் ஏற்றிவந்த மூட்டையைத் தள்ளி எங்கள் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.

"எறங்குங்க மொதல்ல எல்லாரும்! கல்யாணத்துக்குப் போறவங்களாட்டம் உள்ள உக்காந்திருக்கீங்க!"

இறங்கினோம். கரையிலிருந்து நானும் அவரும் இரண்டு பெரிய கல்லைப் புரட்டிக்கொண்டுவந்து சக்கரங்களுக்கு வைத்த பிறகுதான் தங்கை பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். மூட்டையை இழுத்தோம். அது கிழிந்து, தார்ச் சாலை முழுக்க நெல் கொட்டியது. நாற்றங்காலுக்காக வாங்கிக்கொண்டு போன விதைநெல். அம்மா பதறிப்போய், டிக்கியில் அரிசி மூட்டை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"அரிசிய வெதச்சா மொளைக்குமாக்கா?" என்றார் அந்தப் பெண். அம்மா குனிந்து நெல்லை அள்ள ஆரம்பித்தாள்.

மாமா தங்கையைப் பார்த்து, "நீ நவுரு, மாமா ஓட்டுறேன்" என்றார். அப்பாவும் கையை நீட்டினார். "சாவியக் குடும்மா."

தங்கை சாவியை உருவி நீட்டினாள். "எனக்குத்தாம்ப்பா மேட்டுல ஓட்டத் தெரியல. வண்டி மேல தப்பு இல்ல" என்றாள்.

மூன்று மாதமாக எல்லோர் மேலும் எனக்கு எரிச்சல். அந்த நிமிடம் அத்தனையும் திரும்பி என்மேலேயே விழுந்தது. அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, நான் தேர்ந்தெடுத்த காரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு நல்லாவே தெரியுது. பெடலுக்கு அடியில நான் போல்ட் வச்சிருக்கேன். பாதிக்கு மேல எறங்காது" என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் அப்பா, ஆற்றைப் பார்த்தபடி. நீட்டிய கையை மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அத்தான்!" என்றார் மாமா.

அந்தப் பெண்தான் பேசினார். "நல்லாருக்குங்க உங்க நாயம். மூக்கணாங்கயித்தக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டே, ஓடு ஓடுன்னு மாட்ட வெரட்டுறீங்க."

போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் பை டிக்கியில், அரிசி மூட்டைகளுக்கு அடியில். அதையும் நான்தான் அங்கே வைத்திருந்தேன். வாழைத்தார் இறங்கியது, தேங்காய்கள் உருண்டன, மாமாவும் அப்பாவும் மூட்டைகளை இறக்கினார்கள். பின்னால் வந்து நின்ற மினி பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க, நான் பெடல்களுக்கு நடுவே தலையை விட்டு, நானே அத்தனை இறுக்கமாக முடுக்கிய போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது அப்பா சாவியைத் தங்கையிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்.

"யாரும் ஏற வேணாம்" என்றாள் அவள்.

தனியாக உட்கார்ந்தாள். முதல் கியர். அந்தக் காரிடமிருந்து அதுவரை நான் கேட்டிராத ஒரு முழுச் சத்தம். பின்னால் ஒரு விரற்கடைகூட நழுவாமல் நேராக மேடேறி, பாலத்தின்மேல் போய், அக்கரையில் ஓரமாக நின்றது. நாங்கள் நடந்தோம். மாமா சிங்கப்பூர் ஷூவும் தோளில் ஒரு மூட்டையுமாக, அப்பா இன்னொரு மூட்டையோடு, அம்மா பூஜைக் கூடையோடு, நான் வாழைத்தாரோடு. தேங்காய்களைச் சாக்கில் கட்டி மொபெட்டில் வைத்து அந்தப் பெண் அக்கரை வரை கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அப்பா எங்கள் விதைநெல்லில் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குத் தேடிப் போனார். அதே ரகம்தானா என்று அந்தப் பெண் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாராம்.

சுவாமிமலையில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தங்கை என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் திருச்சிக்குப் போன் செய்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். "சொல்லியிருந்தா நானே அந்த போல்ட்டோட கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேனேக்கா. மேடு வந்தா எல்லாரையும் எறங்கச் சொல்லியிருப்பேன்" என்றாள். அவள் இப்போது தினமும் அந்தப் பாலத்தைத்தான் ஏறிக் கல்லூரிக்குப் போகிறாள்.

அந்த போல்ட் என் அலுவலக மேசை டிராயரில் கிடக்கிறது. எதற்காவது பட்டியல் போட உட்கார்ந்தால், இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று தெரிந்தும், அலுத்துக்கொண்டேயாவது, அதை யாருக்காகப் போடுகிறேனோ அவருக்கு முதலில் ஒரு போன் செய்துவிடுகிறேன்.