டாரின் சட்டையில் தைத்த தலையணை

லினெட் குவாமியைத் தெரியாதவர்கள் எங்கள் ஏரிக்கரை ஊரில் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். பாதி ஊர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தது. சுத்தம் என்றால் அவளுக்கு ஒரு வெறி. புதன்கிழமைதோறும் தேவாலயத்தின் அடித்தளத்து அறையில் பெண்கள் நாங்கள் கூடித் தைப்போம். துவைக்காத துணி அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது லினெட் போட்ட சட்டம். கடையிலிருந்து நேரே வந்த புதுத்துணிக்கும் விலக்கு இல்லை. ஒருமுறை நான் கொண்டுபோனதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "டார்லா, இதத் துவைச்சியா, இல்ல தண்ணியத் தூரத்துல இருந்து காட்டிட்டுக் கொண்டாந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்தபோது லினெட்டுக்குப் பதினாலு வயது. தம்பி டாரின் கைக்குழந்தை. மரம் வெட்டப் போகிற அப்பா வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். பால் காய்ச்சியதும் காய்ச்சலுக்குக் கண் விழித்ததும் இவள்தான். தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவன் இவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு நடையாய் நடந்தான். "தம்பி பெரியவனாகட்டும்" என்றாள். அவன் எத்தனை நாள்தான் காத்திருப்பான், வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதைப் பற்றிக் கேட்டால் லினெட் பனி எப்போது விடும் என்று பேச ஆரம்பித்துவிடுவாள். எங்கள் ஊரே அப்படித்தான். மனதில் இருப்பதை நேராகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வராது.

போன டிசம்பரில் ஏரி சரியாக உறைவதற்குள் பனிமேல் நின்று மீன் பிடிக்கப் போன டாரின், பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டான். நாற்பது வயதுதான். மனைவி ஷெல்பி, ஏழு வயதில் மகள் மாரிட். சவ அடக்கத்தன்று லினெட் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு குழந்தை தூங்கவில்லை. டாரின் வீட்டில் போட்டுக்கொள்ளும் நீல ஃப்ளீஸ் சட்டை ஒன்று இருந்தது. மெத்துமெத்தென்று, நெஞ்சில் ஒரு பையோடு. அதில் முகத்தைப் புதைத்து, பைக்குள் கையை விட்டுக்கொண்டால்தான் மாரிட்டுக்குக் கண் மூடும். சட்டையின் ஜிப் கன்னத்தைக் கீறிக் கீறிப் புண்ணாகிவிட்டது. பிப்ரவரியில் ஒரு காலை, பிள்ளை பள்ளிக்குப் போனதும் ஷெல்பி அந்தச் சட்டையோடு லினெட் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி நான் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, இத ஒரு தலையணையாத் தச்சுத் தர முடியுமா? அந்தப் பை முன்பக்கம் அப்படியே இருக்கணும். அதுமேல ஒரு மீன் வேணுமாம் அவளுக்கு."

"எப்ப வேணும்?"

"இன்னைக்கே... இது இல்லாமப் படுக்க மாட்டா."

"சாயங்காலம் கொண்டாரேன்."

ஷெல்பி கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ரொம்பச் சிரமப்படாதீங்க அண்ணி. சட்டை இப்படியே இருந்தாலும் பரவாயில்ல. உங்களுக்கு எது சௌகரியமோ."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ரோடு வழுக்குது, மெதுவாப் போ."

வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாள் அந்தப் பெண்? துவைக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ஆனால் உதவி செய்கிறவளுக்கு இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்வது எங்களிடம் மரியாதைக் குறைவு. அதிலும் லினெட்டிடம்! நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை.

வீட்டு வேலையை முடித்துவிட்டு நான் திரும்பி வந்தபோது லினெட் மேசையில் கத்தரிக்கோலும் நூலும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சட்டை எங்கடி?"

"மெஷின்ல சுத்துது."

"அடிப்பாவி! துவைக்கவா போட்ட?"

"துவைக்காம எப்படி வெட்டறது?"

"அந்தப் புள்ள எத மோந்துக்கிட்டுத் தூங்குதுன்னு நெனச்ச? சட்டையையா? அப்பன மோந்துக்கிட்டுல்ல தூங்குது!"

அவள் கையிலிருந்த நூல்கண்டு கீழே உருண்டது. ஓடிப்போய் மெஷினை நிறுத்தி, சொட்டச் சொட்ட அந்தச் சட்டையை வெளியே எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். சோப்பு மணம், வேறொன்றும் இல்லை.

"சொன்னாளே டார்லா... இப்படியே இருந்தாலும் பரவாயில்லன்னு சொன்னாளே. எனக்குப் புரியலியே." ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனாலும் பொழுது சாய்ந்தால் பிள்ளை படுக்க வேண்டுமே. சட்டையை உலர்த்தி வெட்டினாள். ஜிப்பைப் பிரித்து எறிந்தாள். ஃப்ளீஸில் நேரடியாகப் பூவேலை செய்தால் நூல் ரோமத்துக்குள் புதைந்து காணாமல் போகும். அதனால் தண்ணீரில் கரைகிற மெல்லிய தாளை மேலே பரப்பினாள். ஊசி அடித்துணியையும் சேர்த்துத் தைத்துப் பையை மூடிவிடாமலிருக்க, பைக்குள் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டாள். முதலில் போட்ட மீனைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டாள். எங்கள் ஏரியில் கிடைக்கும் மஞ்சள் மீன், முதுகில் கறுப்புக் கோடுகளோடு. பஞ்சை அடைத்து வாயைத் தைத்து முடித்ததும் எழுந்து கார் கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

அங்கிருந்த பெரிய ஃப்ரீசரில் மான்கறிப் பொட்டலங்களை எல்லாம் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே சாம்பல் நிறக் கம்பளிக் குல்லா ஒன்று.

"சாகறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தான். மறந்து வச்சிட்டுப் போயிட்டான்."

"அத எதுக்குடி இங்க வச்சிருக்க?"

"வெளிய வச்சா வாசனை போயிடும்ல. தினம் ஒரு தடவதான் தெறப்பேன்."

இவளா? புதுத்துணியைக்கூட விடாதவளா? இத்தனை நாளும் தினம் வந்து இந்தப் பையைத் திறந்திருக்கிறாள், பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. குல்லாவைப் பையிலிருந்து எடுத்து முகத்தில் வைத்தவள் வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு சூடேறட்டும் என்று தன் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

ஷெல்பி வீட்டுக்கு என் காரில்தான் போனோம். மாரிட் தலையணையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மீனைத் தடவினாள், பைக்குள் கையை விட்டாள். முகத்தைப் புதைத்தவள் உடனே நிமிர்ந்துவிட்டாள்.

"இது அப்பா இல்ல. இது சோப்பு."

ஷெல்பி, "பரவாயில்ல அண்ணி, ரொம்ப அழகா..." என்று ஆரம்பித்தாள்.

"பரவாயில்லன்னு சொல்லாத ஷெல்பி!" திட்டும்போதுகூட லினெட் குரல் இப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. குழந்தை எதிரில் மண்டி போட்டாள். "அத்தை தப்புப் பண்ணிட்டேன்டா. யோசிக்காமத் துவைச்சுட்டேன்." கோட்டைத் திறந்து குல்லாவை எடுத்துத் தலையணைப் பைக்குள் வைத்தாள். "இப்பப் பாரு."

மாரிட் பையில் மூக்கை வைத்தாள். மூச்சை இழுத்தாள், இன்னொரு முறை இழுத்தாள். அவள் தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன். ஷெல்பி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"இது உங்களுதா அத்தை?"

"ம்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு உங்கப்பன் நாப்பது வருசம் கெடச்சான்டி. உனக்கு ஏழுதானே."

திரும்பும் வழியில், ஏரியை ஒட்டிய திருப்பத்தில் காரை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். டிசம்பரில் அழாத அழுகையெல்லாம் அங்கே அழுதாள். நான் எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டேன்.

"அதுவும் போயிடும்ல டார்லா? கொஞ்ச நாள்ல?"

"போயிடும்" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போகட்டும். அதுவரைக்கும் தூங்குவால்ல" என்றாள்.