ஒரு வரி மட்டும் தெரியும் மட்டை

முருங்கன் பஸ் தரிப்பிடத்தில் அந்த அம்மாவைக் கண்டேன். நரைத்த கொண்டை, கழுத்தில் செபமாலை, மடியில் கையெழுத்துத் தாள்கள். நம்மிடம் தொலைபேசி இலக்கமும் அடையாள அட்டைப் பிரதியும் வாங்குகிற கடைகளும் கம்பனிகளும் நம்மைக் கேட்காமல் அவற்றைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது, அதற்குச் சட்டத்தை இறுக்க வேண்டும் என்று கேட்கும் மனு அது.

தாளின்மேல் ஒரு பள்ளிக் கொப்பியின் மட்டை. அதில் ஒரே ஒரு வரி தெரியுமளவுக்கு வெட்டியிருந்தார். ஒருவர் எழுதி முடித்ததும் மட்டையை ஒரு வரி கீழே இறக்குவார். முன்னால் எழுதியவர் யாரென்று அடுத்தவருக்குத் தெரியாது.

"எங்கட ஊர் ஆக்கள் ஆரும் கையெழுத்துப் போட்டவையோ, அம்மா?"

"அதைச் சொல்லமாட்டன், தம்பி."

"பேர்தானே, இதில என்ன இருக்கு?"

மட்டையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "சண்டை நேரம் ஒருக்கா, நிவாரணம் தாறமெண்டு ஆரோ சிலர் வந்து பேர் கேட்டவை. வீட்டில இருந்த எல்லாற்ற பேரையும் நான்தான் எழுதிக் குடுத்தனான். அந்தத் தாள் ஆற்ற கையில போனதெண்டு இண்டைக்கும் தெரியாது."

பிறகு அந்த வீட்டில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று நான் கேட்கவில்லை. எழுதினேன். மட்டை இறங்கி என் பெயரை மூடியது.

பஸ் வந்தது. அவருடைய பெயரைக் கேட்க நினைத்தேன். கேட்காமலே ஏறினேன்.